நடப்பவருக்கு எத்தனை விநாடி?

சாலை விபத்து பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், எந்தக் கூட்டத்திலும் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போய்விடுவார்கள்: "நடக்கிறவங்க பார்த்து நடக்கிறதே இல்லை." கார் வைத்திருப்பவர் சொல்வார், பைக்கில் போகிறவர் சொல்வார், பேருந்தில் வந்து இறங்கி நடந்துபோகிறவரும் அதையேதான் சொல்வார். இந்தக் கருத்தோடு எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. காதில் போனைச் செருகிக்கொண்டு நடுச்சாலையில் நின்று யோசிப்பவர்களை நானும்தான் தினமும் பார்க்கிறேன். ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. எங்கேயோ கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. எங்கே உதைக்கிறது என்று கண்டுபிடிக்க, ஒரு அம்மா கீழே விழுவதை நான் நேரில் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் அலுவலகத்துக்கு முன்னால் ஓடுவது ஆறு தடங்கள் கொண்ட சாலை. ஒரு பக்கம் பேருந்து நிறுத்தம், எதிர்ப்பக்கம் ஒரு பெரிய மருத்துவமனை. கடப்பதற்கு எல்லா ஏற்பாடும் உண்டு: வெள்ளைக் கோடுகள், சிக்னல், பச்சை மனித உருவம், எண்கள் இறங்கும் பலகை. அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் எக்ஸ்ரே வைத்த பெரிய பழுப்பு உறை. பச்சை விழுந்ததும் முதல் ஆளாகக் காலை எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போனார்கள். நடுத்திட்டைக் கடந்து இன்னும் ஒரு தடம் தாண்டியபோது பலகையில் எண் தீர்ந்துவிட்டது. நடுத்தடத்தில் நின்ற கார்க்காரர் அவரைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றார். ஓரத் தடத்தில் பின்னாலிருந்து வந்த பைக்குக்கு அந்தக் கார்தான் தெரிந்தது, அதற்கு முன்னால் நடந்தவர் தெரியவில்லை. பைக்கின் கைப்பிடி துணிப்பையில் மாட்டியது, அம்மா விழுந்தார். எக்ஸ்ரே உறை சறுக்கிக்கொண்டு போய் காரின் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. என்னை உறுத்தியது அதற்குப் பிறகு நடந்தது. எழுந்து உட்கார்ந்த அந்த அம்மா முதலில் சொன்ன வார்த்தை: "நான்தான் பார்க்கல தம்பி, நீ போப்பா." பைக் பையனுக்குக் கை நடுங்கியது. "பார்த்து வரக்கூடாதாம்மா?" என்றான், கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, பதற்றம். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "கூட யாரையாவது கூட்டிட்டு வரலாம்ல" என்றார். இன்னொருவர் உறையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, "இந்த ஜனங்களுக்கு ரோட்ல நடக்கவே தெரியல" என்று பொதுவாகக் காற்றில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் சொன்னபடி எல்லாம் செய்தவர் அந்த அம்மா ஒருவர்தான். கோடு போட்ட இடத்துக்கு வந்தார், சிவப்பில் நின்றார், பச்சை வந்தபின்தான் இறங்கினார். அதற்கு முன்பு சிவப்பிலேயே இரண்டு பேருந்துகளுக்கு நடுவே புகுந்து ஓடிய இளைஞர்கள் பத்திரமாக மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பையன் மேல் பழி போடவும் எனக்கு மனமில்லை. அவனுக்குப் பச்சை விழுந்திருந்தது, மறைத்து நின்றது நல்ல மனசோடு நின்ற ஒரு கார். யார் பக்கமும் பெரிய தப்பு இல்லாமலேயே ஒருவர் சாலையில் விழுந்து கிடக்கிறார் என்றால், தப்பு எங்கே இருக்கிறது?

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சாலைகளில் இறந்தவர்கள் 11.9 லட்சம் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 23 சதவீதம் நடந்து சென்றவர்கள், அதாவது ஏறக்குறைய 2.7 லட்சம் பேர். ஒரே ஆண்டில் இத்தனை பேரும் பார்க்காமல் நடந்தவர்கள் என்று நம்ப எனக்குத் தைரியம் போதவில்லை.

சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்

சிக்னல் நேரங்களைக் கணக்கிடும் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் உண்டு. அவரிடம் சொன்னேன், கொஞ்சம் சூடாகவே. இந்தச் சிக்னலில் ஏதோ கோளாறு, நேரத்தைத் தப்பாக வைத்திருக்கிறார்கள் என்றேன். அவர் ஆற அமரக் கேட்டுவிட்டு, "ரோடு எத்தனை மீட்டர்?" என்றார். ஒரு தடம் மூன்றரை மீட்டர், ஆறு தடம் 21, நடுத்திட்டு ஒரு மீட்டர், ஆக 22. "22ஐ 1.2ஆல வகுத்துப் பாரு. பதினெட்டு சொச்சம். பலகையில எண் எதுல ஆரம்பிக்குது?" பதினெட்டில்தான் ஆரம்பிக்கிறது. "அப்ப சரியாத்தான் வெச்சிருக்காங்க."

எனக்கு அந்த இடத்தில்தான் தூக்கிவாரிப் போட்டது. கோளாறு என்றால் சரிசெய்துவிடலாம். இங்கே கோளாறே இல்லை. நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு நேரம் குறிப்பது பல நாடுகளின் கையேடுகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். அந்த எண்ணை எடுத்து அகலத்தை வகுத்தால் நேரம் வந்துவிடும். சிக்னல் பெட்டியில் அந்த நேரத்தைப் பதித்தவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். அந்த அம்மாவும் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். இருவருக்கும் நடுவே அந்த எண் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் 1.2 பற்றித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களின் நடைவேகத்தை அளந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆண்களின் சராசரி விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. அந்த 1.2ஐ எட்ட முடியாதவர்கள் ஆண்களில் 84 சதவீதம், பெண்களில் 93 சதவீதம். இதை எங்கள் சாலையில் பொருத்திப் பார்த்தேன். 0.8 வேகத்தில் 22 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 28 விநாடி வேண்டும். 18 விநாடியில் பதினான்கரை மீட்டர்தான் கடக்க முடியும். மிச்சம் ஏழரை மீட்டர், அதாவது இரண்டு தடமும் அரை மீட்டரும். பலகையில் எண் தீர்ந்தபோது அந்த அம்மா எங்கே நின்றாரோ, அதே இடம். அவர் மெதுவாக நடக்கவில்லை. அவர் வயதுக்கு உரிய வேகத்தில், சராசரியாக, அப்பழுக்கில்லாமல் நடந்திருக்கிறார்.

எதிரே இருப்பது மருத்துவமனை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலில் கட்டுப் போட்டவர், பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருபவர், ஊன்றுகோல்காரர் என்று அங்கே கடப்பவர்களில் பாதிப்பேர் 1.2 கூட்டத்தில் சேரமாட்டார்கள். அமெரிக்காவில் 2009இல் கையேட்டைத் திருத்தியபோது விநாடிக்கு 4 அடி என்றிருந்ததை 3.5 அடியாகக் குறைத்தார்கள், அதாவது 1.07 மீட்டர். சிங்கப்பூர் இதை வேறு விதமாக அணுகியது. 2009இலிருந்து அங்கே சில சந்திப்புகளில், முதியவர்கள் தங்கள் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை சில விநாடி நீள்கிறது, சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை. தேவைப்படும்போது மட்டும் நேரம் கூடுவதால் வண்டிகளுக்கும் பெரிய நட்டமில்லை. ஆனால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்: கையில் எக்ஸ்ரே உறையும் துணிப்பையும் இருப்பவர் அட்டையை எங்கே தேடுவார்?

நண்பர் இன்னொன்றும் சொன்னார். அந்தச் சந்திப்பில் ஒரு சுற்று 120 விநாடி. பச்சை அணைந்த மறுகணம் வந்து சேர்ந்தவர் நூறு விநாடிக்கு மேல் வெயிலிலோ மழையிலோ நிற்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சாலைக் கொள்ளளவுக் கையேடே, 30 விநாடிக்கு மேல் காக்கவைத்தால் நடப்பவர்கள் பொறுமையிழந்து கிடைத்த இடைவெளியில் புகுந்துவிடுவார்கள் என்று சொல்கிறது. சிவப்பில் ஓடிய அந்த இளைஞர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று நாம் சொல்வதை, எப்போது ஓட ஆரம்பிப்பார்கள் என்பது உட்பட, கையேடு முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. "வண்டிக்கு எவ்வளவு தாமதம்னு ஒவ்வொரு அறிக்கையிலயும் கேட்பாங்க. நடக்கிறவங்க எவ்வளவு நேரம் நின்னாங்கன்னு இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேட்டதில்ல" என்றார் நண்பர். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

மணி அடித்தேன், ஒதுங்கவில்லை

"பார்த்துப் போகவில்லை" என்ற குற்றச்சாட்டுக்கு மோட்டார் வண்டியின் வயது. 1896 ஆகஸ்டில் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பகுதியில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி மோட்டார் கார் மோதி இறந்தார். பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். வண்டியை ஓட்டியவர், நான் மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் வந்தேன், மணி அடித்தேன், ஒதுங்கச் சொல்லிக் கத்தவும் செய்தேன் என்றார். தற்செயலான மரணம் என்று முடிவானது. இப்படி ஒன்று இனி நடக்கக் கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. மணியின் இடத்துக்கு ஹார்ன் வந்துவிட்டது. மற்றபடி அந்த வாக்குமூலத்தை இன்றைக்கும் எந்தச் சந்திப்பிலும் கேட்கலாம்.

அப்போதெல்லாம் மக்கள் எதிர்ப்பே காட்டவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் 1923இல் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நகரத்துக்குள் ஓடும் கார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு மேல், போகவே முடியாதபடி ஒரு கருவியைப் பொருத்த வேண்டும் என்பது கோரிக்கை. கார் விற்பனையாளர்கள் அடிமடியில் கை வைக்கிறார்கள் என்று பதறிப்போய்ப் பெரிய பிரசாரம் நடத்தினார்கள். வாக்கெடுப்பில் கோரிக்கை தோற்றது. வேகத்தை வண்டியிலேயே கட்டுப்படுத்தும் பேச்சு ஓய்ந்து, நடப்பவர்களைக் கட்டுப்படுத்தும் பேச்சு வலுத்த காலம் அது. கண்ட இடத்தில் கடப்பது குற்றம் என்று நகரங்கள் பரவலாகச் சட்டம் போட்டதும் அந்த ஆண்டுகளில்தான். அதற்கு முன்பு சாலை என்பது குழந்தைகள் விளையாடும், வியாபாரிகள் தள்ளுவண்டி தள்ளும், யாரும் எங்கும் கடக்கும் இடமாக இருந்தது.

நூறு ஆண்டு கழித்து, 2024 ஜூலை முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும், சாலையின் வேக வரம்பைக் கண்டுகொண்டு ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி கட்டாயமாகியிருக்கிறது. ஓட்டுநர் நினைத்தால் அதை மீறலாம், அணைத்தும் வைக்கலாம். சின்சினாட்டிக்காரர்கள் கேட்டது இதைவிடக் கறாரானது.

முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே

வேகம் என்று வந்ததால் ஒரு கணக்கு. இதை நான் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பவர்கள் ஒரு நிமிடம் நம்புவதில்லை. உலர்ந்த சாலை, நல்ல பிரேக், ஓட்டுநருக்கு எதிரே ஆள் வருவது மூளையில் பதிந்து கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் ஓடும், பிறகு பிரேக் பிடித்து ஐந்து மீட்டரில் நின்றுவிடும். ஆக, ஆளைப் பார்த்த இடத்திலிருந்து 13 மீட்டர். 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த முதல் விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கவில்லை. 13 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தின் பின்னால் ஓடிவந்தால், ஒரு கார் தொடாமல் நிற்கும், மற்றது முழு 50இல் மோதும். இருவரும் ஒரே அளவு கவனமான ஓட்டுநர்கள்தான்.

இதைச் சொன்னதும் வரும் எதிர்க்கேள்வியும் எனக்கு மனப்பாடம்: "சிட்டில முப்பதுல போனா என்னிக்குப் போய்ச் சேர்றது?" இரண்டு கிலோமீட்டர் தூரத்தை எங்கும் நிற்காமல் 50இல் கடக்க 2.4 நிமிடம், 30இல் கடக்க 4 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். எங்கும் நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் போகக் கிடைக்கும் நகரச் சாலையை யாராவது காட்டினால் நானும் வந்து பார்க்கிறேன். கூட்ட நேரத்தில் நம் சராசரி வேகம் 30ஐத் தொடுவதே அபூர்வம். ஒரு சிவப்புக்கும் அடுத்த சிவப்புக்கும் நடுவே கிடைக்கும் ஒரு துண்டுச் சாலையில் 60க்கு முறுக்கி, அடுத்த சிவப்பில் பிரேக் அடிக்கிறோமே, வரம்பு வைத்தால் போவது அந்த முறுக்கல்தான். 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30ஐ உச்ச வேகமாக வைக்கச் சொன்னது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992லேயே பிரதான சாலைகள் நீங்கலாக ஊர் முழுக்க வைத்துவிட்டது. ஸ்பெயின் 2021இல், திசைக்கு ஒரு தடம் மட்டும் உள்ள நகரத் தெருக்களுக்கெல்லாம் 30 என்று சட்டமே போட்டது.

ஆனால் பலகை நட்டுவிட்டால் வேகம் குறையாது. வண்டி ஓட்டுபவனாகச் சொல்கிறேன், என் காலை அழுத்தச் சொல்வதும் விடச் சொல்வதும் சாலைதான். அகலமாக, நேராக, தடையில்லாமல் கிடந்தால் கால் தானாக அழுந்துகிறது. எங்கள் சாலையின் மூன்றரை மீட்டர் தடம் நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் அகலம். பேருந்து ஓடும் ஓரத் தடங்களை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் நான்கிலும் அரை அரை மீட்டர் எடுத்தால் இரண்டு மீட்டர் மிச்சம். அதை நடுத்திட்டோடு சேர்த்தால் திட்டு மூன்று மீட்டர் ஆகிறது. ஒரு மீட்டர் திட்டில் நிற்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது. மூன்று மீட்டர் திட்டில் சக்கர நாற்காலியோடும் நிற்கலாம், பச்சை தீர்ந்தாலும் அடுத்த பச்சை வரை மூச்சு வாங்கலாம். ஒரு அடி நிலம்கூடப் புதிதாக எடுக்க வேண்டியதில்லை, கோட்டை மாற்றிப் போட்டு, திட்டை அகலப்படுத்தினால் போதும்.

மேம்பாலம் என்னும் ஆறுதல்

இந்த இடத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள்: "எதுக்கு இவ்வளவு தலைவலி, ஒரு நடை மேம்பாலம் கட்டிட்டா தீர்ந்தது." எனக்கு இந்த யோசனை மீது தீராத எரிச்சல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. லாரியும் பேருந்தும் அடியில் போக ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் ஆறு மீட்டர். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. படி ஏற முடியாதவர்களுக்குச் சாய்தளம் வைப்போம் என்றால், 12க்கு 1 என்ற சரிவில் ஒரு பக்கத்துக்கே 72 மீட்டர் நீளம். எதிர்ப்பக்கம் 22 மீட்டரில் இருக்கிறது. அந்த அம்மா 166 மீட்டர் நடந்து, ஆறு மீட்டர் மலையேறி இறங்கி அங்கே போக வேண்டும். லிப்ட் வைக்கலாம்தான், அது ஓடுகிற நாளில். காரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு விநாடிகூடக் காலை எடுக்காமல் இருப்பதற்காக, நடப்பவரை மாடி ஏற்றுகிறோம். அவர் ஏறாமல் கீழேயே குறுக்கே ஓடினால், "அவ்வளவு செலவு பண்ணிக் கட்டிக் கொடுத்தும் திருந்தல" என்கிறோம். ரயில் பாதைக்கும் அதிவேக நெடுஞ்சாலைக்கும் பாலம் சரி. ஊருக்கு நடுவே ஓடும் சாலைக்கு, அது நெடுஞ்சாலை ஆகிவிட்டது என்று ஒப்புக்கொள்வதற்கான கல்வெட்டு.

வெறும் வெள்ளைக் கோடும் இதேபோன்ற ஆறுதல்தான். ஜீப்ரா கோடுகள் 1949இல் பிரிட்டனில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1951இல் சட்டப்படி வந்தவை. ஒரு தடச் சாலையில் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் பல தடச் சாலையில், நாளுக்குச் சுமார் 12,000 வண்டிக்கு மேல் ஓடும் இடத்தில், சிக்னல், திட்டு எதுவும் இல்லாமல் கோடு மட்டும் போட்டால், கோடே போடாத இடத்தைவிட அங்கே விபத்து விகிதம் அதிகம் என்று அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காகச் செய்யப்பட்ட பெரிய ஆய்வு காட்டியது. காரணம், நான் கண்ணால் பார்த்ததுதான். ஒரு தடத்தில் வண்டி நிற்கிறது. நடப்பவர் நம்பி அதைத் தாண்டி அடுத்த தடத்துக்குள் காலை வைக்கிறார். அங்கே வருபவருக்கு நின்ற வண்டி மட்டும்தான் தெரிகிறது. இதற்கு மருந்து மிக எளிது. நிறுத்தக் கோட்டைக் கடக்கும் கோட்டிலிருந்து ஆறு மீட்டராவது பின்னால் தள்ளிப் போட வேண்டும். கார் அவ்வளவு தள்ளி நின்றால், அதன் மூக்கைத் தாண்டி அடுத்த தடம் இருவருக்கும் திறந்து தெரியும். ஒரு வாளி பெயின்ட் வேலை.

சந்திப்பின் மூலைகளும் இப்படித்தான். மூலை எவ்வளவு விசாலமான வளைவோ அவ்வளவு வேகமாக வண்டி திரும்பும். வளைவை இறுக்கினால் ஓட்டுநர் வேறு வழியின்றி மெதுவாகத் திரும்புவார், கடக்க வேண்டிய தூரமும் குறையும். மூலையை ஒட்டி வண்டி நிறுத்தாமல் சில மீட்டரைக் காலியாக வைத்தால், இறங்கப் போகிறவரைத் திரும்புகிறவர் முன்கூட்டியே பார்க்கலாம். நியூ ஜெர்சியில் உள்ள ஹோபோகன் என்ற சின்ன, நெரிசலான நகரம் இதை விடாப்பிடியாக ஒவ்வொரு சந்திப்பாகச் செய்துவந்தது. 2017 ஜனவரிக்குப் பிந்தைய ஏழு ஆண்டுகளில் அதன் தெருக்களில் ஒரு சாலை மரணம்கூட இல்லை. மூலையைக் காலியாக வைத்தது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், வேகத்தையும் குறைத்தார்கள், சிக்னல் நேரங்களையும் மாற்றினார்கள். ஆனால் எதுவும் பிரம்மாண்டமான வேலை இல்லை.

பெரிய ஊர்களில் நடக்காது என்பவர்களுக்கு ஆஸ்லோவைக் காட்டுவேன். ஆறரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நார்வேத் தலைநகரம். 2019ஆம் ஆண்டு முழுவதிலும் அங்கே சாலையில் இறந்தவர் ஒரே ஒருவர், அவரும் வேலியில் மோதிய கார் ஓட்டுநர். நடந்தவர்களில் ஒருவரும் இல்லை. அதே ஆண்டில் ஹெல்சின்கியிலும் பாதசாரி மரணம் பூஜ்யம். இந்த ஊர்க்காரர்கள் பிறவியிலேயே பார்த்து நடப்பவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றுக்கொண்ட கொள்கை ஒன்றுதான் வடக்கு ஐரோப்பா முழுக்கப் பரவியது: மனிதர் தவறு செய்வார், அசந்து போவார், அதை முன்னிட்டே சாலையை அமைக்க வேண்டும், உயிர் போனால் சாலையை அமைத்தவர்களும் பதில் சொல்ல வேண்டும். போன் பார்த்துக்கொண்டே நடப்பவருக்கும் இது பொருந்தும். அவர் செய்வது தப்புதான். அதற்கு யாரிடமாவது ஏச்சு வாங்கினால் போதாதா, உயிரையே விட வேண்டுமா?

நான் கேட்டிருப்பது

நண்பரின் உதவியோடு எங்கள் சந்திப்புக்காக ஒரு மனு எழுதினோம். மேம்பாலம் கேட்கவில்லை. விழிப்புணர்வு வாரமும் கேட்கவில்லை. முதல் கோரிக்கை, நடப்பவர் நேரத்தை 18இலிருந்து 28 ஆக்குவது. இதற்குக் கண்டிப்பாக எதிர்ப்பு வரும் என்று நண்பர் எச்சரித்தார். நெரிசல் உச்சத்தில் இருக்கும் ஒரு மணி நேரத்தில் வரிசை நீளத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டாம் என்றும் சொன்னார், அப்படியே எழுதினோம். நெரிசல் இல்லாத நேரத்தில் அவர் கணக்குப்படி ஒரு வண்டிக்குச் சராசரியாக நான்கைந்து விநாடி கூடுதல் தாமதம். இரண்டாவது, நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்து ஐந்து விநாடி கழித்தே திரும்பும் வண்டிகளுக்குப் பச்சை விழ வேண்டும். அந்த ஐந்து விநாடியில் நடப்பவர் சாலைக்குள் வந்துவிடுவார், திரும்புகிறவர் கண்ணில் படாமல் போகமாட்டார். நியூயார்க்கில் ஆயிரக்கணக்கான சந்திப்புகளில் இப்படித்தான் இயங்குகிறது. மூன்றாவது, நிறுத்தக் கோட்டைப் பின்னால் தள்ளுவது. தடங்களைக் குறுக்கித் திட்டை அகலமாக்குவதைக் கடைசியில் வைத்தோம், அதற்குத்தான் செலவு. முதல் இரண்டுக்கும் சிமென்டும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். ஓரத்தில் நிற்கும் சிக்னல் பெட்டியைத் திறந்து எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் மறுவாரமே பழைய எண்ணுக்குத் திரும்பிவிடலாம்.

மனு எண் வந்திருக்கிறது. கள ஆய்வுக்கு ஆள் வருவார்கள், நாளைப் பிறகு சொல்கிறோம் என்றார்கள். பதினொரு மணிக்கு மேல் சாலை காற்றாடும் நேரத்தில் வந்துவிடப் போகிறார்களே என்று, காலை எட்டரைக்கு வரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புறநோயாளிகள் சீட்டு வாங்க வந்து இறங்குவது அப்போதுதான். அப்புறம், வண்டியை மருத்துவமனை வாசலில் நிறுத்தாமல், பேருந்து நிறுத்தத்துப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து கடந்து வரும்படியும்.